மாத்திரை மீது ஏன் இந்தப் பழி?



நம் தோட்டத்து லயங்களிலும், தோட்டத்தை விட்டு வந்து நாம் குடியேறியிருக்கும் தாமான் வீடுகளிலும், இனிப்பு நீர் நுழையாத வீடு எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஒரு கை விரல்களே மிச்சப்படும். 2019-ஆம் ஆண்டு மலேசிய சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில், பதினெட்டு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இந்த நோய் இருந்தது. இந்தியர்களைத் தனியே எடுத்துக் கணக்குப் பார்த்தபோது அது 31.4 விழுக்காடு. பத்துப் பேரில் மூன்று பேர்! அதைவிட வேதனை, நோய் இருந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அது தங்களுக்கு இருப்பதே தெரியாது. 2023-ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் மொத்தக் கணக்கு 15.6 விழுக்காடாகச் சற்றே இறங்கியிருக்கிறது. இறங்கியும் ஆறு பேருக்கு ஒருவர்!

இந்த நோய் கண்டவுடன் கிளினிக்கில் பெரும்பாலும் முதலில் கொடுக்கப்படும் மாத்திரையின் பெயர் மெட்ஃபார்மின். நம் வீடுகளில் அது இல்லாத வீடு இல்லை. தொலைக்காட்சிப் பெட்டியின் மேல், சாமி படத்தட்டில், அரிசி டின் பக்கத்தில் என்று எங்கும் அந்த மாத்திரைப் பை இருக்கும். ஆனால் அது வயிற்றுக்குள் போகிறதா என்பதுதான் கேள்வி.

நான் மருத்துவம் படித்தவள் அல்லள். ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழோடு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பாடம் சொல்லிக் கொடுப்பவள். பால்மரம் சீவிய என் தாயாருக்குப் பத்தொன்பது ஆண்டுகளாக இனிப்பு நீர். எனக்கு நான்கு ஆண்டுகளாக. இருவரும் சாப்பிடுவது இதே மாத்திரைதான். ஆகவே இதைப் பற்றிக் கிளினிக்கில் கேட்டும், படித்தும் அறிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

மாமாவின் கதை

என் தாய்மாமாவைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். கீழ்ப் பேராக்கில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டியவர். ஐம்பத்திரண்டு வயதில் அவருக்கு இனிப்பு நீர் என்று தெரிந்தது. இரண்டு ஆண்டுகள் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டார். அப்போது காப்பிக் கடையில் யாரோ ஒருவர், "அண்ணே, அந்த மாத்திரையைத் தின்னா கிட்னி போயிடும். எங்க பக்கத்து வீட்டுக்காரருக்கு அப்படித்தான் ஆச்சு" என்று சொல்லிவிட்டார். மாமா அன்றோடு மாத்திரையை நிறுத்தினார். இராச் சந்தையில் ஒரு புட்டி மூலிகைத் தண்ணீர் வாங்கிக் குடிக்கத் தொடங்கினார். உடம்பில் ஒரு குறையும் தெரியவில்லை. "பாத்தீங்களா, நல்லாத்தானே இருக்கேன்!" என்று எங்களிடமே வாதாடுவார்.

நான்கு ஆண்டுகள் கழித்துக் கால் வீங்கியது. முகம் வீங்கியது. கிளினிக்குக்குப் போனபோது இரண்டு கிட்னியும் பெருமளவு கெட்டிருந்தன. டாக்டர் மெட்ஃபார்மின் இனி வேண்டாம் என்று சொல்லி இன்சுலின் ஊசி எழுதிக் கொடுத்தார். இன்று மாமா வாரத்துக்கு மூன்று நாள் விடியற்காலையில் எழுந்து டயாலிசிஸ் செய்துகொள்ளப் போகிறார். ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். திரும்பி வரும்போது பேசக்கூடத் தெம்பிருக்காது.

இதன் பிறகு நடந்ததுதான் என்னை எழுத வைத்தது. சொந்தக்காரர்கள் எல்லாரும், "பாத்தியா டீச்சர், மாத்திரைதான் கிட்னியக் கெடுத்துச்சு. டாக்டரே பயந்துபோய் நிப்பாட்டிட்டாரு" என்றார்கள். மாமா அந்த மாத்திரையைத் தொட்டு நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன என்பது ஒருவர் நினைவிலும் இல்லை! அடுத்த ஆண்டே என் தம்பிக்கு இனிப்பு நீர் என்று தெரிந்தது. வயது நாற்பத்தொன்று, இரண்டு சின்னப் பிள்ளைகள். மாத்திரைப் பையைப் பிரிக்காமலேயே வைத்துவிட்டு, "மாமாவப் பாத்துமா அக்கா என்னைய இதத் திங்கச் சொல்றே?" என்று கேட்டான்.

எது எதைக் கெடுக்கிறது?

ரப்பர் ஸ்டோரில் பால் வடிகட்டும் சல்லடையை நம்மில் மூத்தவர்கள் பார்த்திருப்பார்கள். கிட்னியும் அப்படி ஒரு சல்லடைதான். ஆனால் மிக மிக நுண்ணிய சல்லடை. இரத்தத்தில் சீனி மிகுந்து ஓட ஓட, வருடக் கணக்கில் அந்தச் சல்லடையின் கண்கள் பழுதாகின்றன. இரத்தக் கொதிப்பும் சேர்ந்துவிட்டால் இன்னும் விரைவாகப் பழுதாகும். நம் நாட்டில் புதிதாக டயாலிசிஸுக்கு வருகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இனிப்பு நீரால் கிட்னி கெட்டவர்கள்.

மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுப்பதில்லை. அது உடம்பில் தன் வேலையைச் செய்துவிட்டு, உருமாறாமல் கிட்னி வழியாகச் சிறுநீரோடு வெளியேறிவிடுகிறது. கிட்னி ஏற்கெனவே கெட்டிருந்தால், மாத்திரை வெளியேற முடியாமல் உடம்பில் தேங்கிப்போகும். அதனால்தான் டாக்டர் குறைக்கிறார் அல்லது நிறுத்துகிறார். வாய்க்கால் தூர்ந்துபோனால் தண்ணீரைக் குறைத்துத்தானே திறந்துவிடுவோம்? அதைப் பார்த்துவிட்டுத் தண்ணீர்தான் வாய்க்காலைத் தூர்த்தது என்று யாராவது சொல்வார்களா?

இரத்தப் பரிசோதனையில் கிட்னி எவ்வளவு வேலை செய்கிறது என்பதை ஓர் எண்ணாகக் கணக்கிடுகிறார்கள். அந்த எண் 45-க்குக் கீழே இறங்கினால் பொதுவாக மாத்திரையின் அளவைக் குறைப்பார்கள். 30-க்குக் கீழே போனால் நிறுத்திவிடுவார்கள். முன்பு இதைவிடக் கடுமையான கட்டுப்பாடு இருந்தது. 2016-ஆம் ஆண்டில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, கிட்னி ஓரளவு தளர்ந்தவர்களும் இதைப் பாதுகாப்பாகச் சாப்பிடலாம் என்று விதியைத் தளர்த்தியது. கிட்னியைக் கெடுக்கும் மருந்தாக இருந்தால் அப்படித் தளர்த்துவார்களா?

பயத்துக்கும் ஒரு வேர் உண்டு

நம் மக்கள் பயப்படுவதை ஒரேயடியாக அறியாமை என்று தள்ளிவிடவும் கூடாது. மெட்ஃபார்மினுக்கு ஓர் அக்காள் இருந்தாள். ஃபென்ஃபார்மின் என்று பெயர். அதைச் சாப்பிட்டவர்களில் சிலருக்கு இரத்தத்தில் ஒருவகை அமிலம் ஏறி உயிர்ச்சேதம் ஏற்பட்டது. 1978-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அது சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. அக்காள் செய்த குற்றத்துக்குத் தங்கையும் வெகுகாலம் சந்தேகக் கூண்டில் நிற்க வேண்டியதாயிற்று. மெட்ஃபார்மினை 1957-இல் பிரெஞ்சு டாக்டர் ழான் ஸ்டெர்ன் இனிப்பு நீருக்குப் பயன்படுத்திக் காட்டினார். அமெரிக்கா அதற்கு அனுமதி கொடுத்ததோ 1994-ஆம் ஆண்டின் இறுதியில்தான்! அவ்வளவு காலம் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்த மருந்து இது.

2010-இல் வெளியான ஒரு தொகுப்பில் 347 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். அவற்றில் மெட்ஃபார்மின் சாப்பிட்டவர்கள் சாப்பிட்ட காலத்தையெல்லாம் கூட்டினால் 70,000 ஆண்டுகளுக்கு மேல் வந்தது. அந்த அமிலக் கோளாறு அதில் ஒருவருக்குக்கூட வரவில்லை. ஆய்வுக்கு வெளியே, சாதாரண வாழ்க்கையில், அபூர்வமாக வருவதுண்டு. யாருக்கு? கிட்னி மிகவும் கெட்டவர்களுக்கு, உடம்பில் நீர் வற்றிப் போனவர்களுக்கு, ஈரல் கெட்டவர்களுக்கு, மிதமிஞ்சிக் குடிப்பவர்களுக்கு.

இனி நன்மையைப் பார்ப்போம். பிரிட்டனில் 1977-இல் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வில் 5,102 பேர் சேர்க்கப்பட்டார்கள். 1998-இல் முடிவு வந்தது. உடல் பருமனான நோயாளிகளில் மெட்ஃபார்மின் கொடுக்கப்பட்டவர்களை, உணவுக் கட்டுப்பாட்டை மட்டும் நம்பியிருந்தவர்களோடு ஒப்பிட்டார்கள். மெட்ஃபார்மின் சாப்பிட்டவர்களிடையே மாரடைப்பு 39 விழுக்காடு குறைவு. எந்தக் காரணத்தாலும் நேரும் மரணம் 36 விழுக்காடு குறைவு. பத்தாண்டுகள் கழித்து 2008-இல் மறுபடியும் கணக்குப் பார்த்தபோதும் அந்த நன்மை நிலைத்திருந்தது.

அண்டை நாட்டில் நடந்த ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2019 டிசம்பரில் சிங்கப்பூர் சுகாதார அறிவியல் ஆணையம் அங்கே விற்கப்பட்ட 46 வகை மெட்ஃபார்மின் மருந்துகளைச் சோதித்து, மூன்று வகைகளைத் திரும்பப் பெற்றது. இருக்கக்கூடாத ஒரு மாசு அவற்றில் அனுமதித்த அளவுக்குச் சற்று மேல் இருந்தது. ஆனால் அப்போதும் நோயாளிகள் தாமாக மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்றே ஆணையம் கேட்டுக்கொண்டது. நிறுத்துவதால் வரும் கேடு அந்த மாசினால் வரக்கூடியதைவிடப் பெரிது என்பதே காரணம். மருந்தைச் சோதிக்க ஆள் இருக்கிறது என்பதைத்தான் இந்தச் செய்தி நமக்குக் காட்டுகிறது. மாமா குடித்த புட்டியை யார் சோதித்தார்கள்?

"மூலிகைதான் நல்லது" என்பவர்களுக்கு

மெட்ஃபார்மினின் பூர்வீகமும் ஒரு செடிதான் என்றால் நம்புவீர்களா? ஐரோப்பாவில் கலேகா என்ற ஒரு செடி உண்டு. அதில் சீனியைக் குறைக்கும் பொருள் இருந்தது. ஆனால் நஞ்சும் இருந்தது. அதை மேய்ந்து ஆடுகள் செத்ததும் உண்டு. அந்தப் பொருளின் வழியில் ஆராய்ந்து, நஞ்சு குறைந்த உறவுப் பொருள்களைச் செய்தார்கள். 1922-இல் டப்ளின் நகரில் இரண்டு விஞ்ஞானிகள் மெட்ஃபார்மினை உருவாக்கினார்கள். செடியில் இருப்பது இன்று கூடும், நாளை குறையும். மாத்திரையில் 500 மில்லிகிராம் என்றால் 500 மில்லிகிராம்தான்.

பாகற்காயையும் வெந்தயத்தையும் நான் குறை கூறவில்லை. கறியாகச் சமைத்துச் சாப்பிடுங்கள். பெயர் தெரியாத புட்டியும் பொட்டலமும்தான் ஆபத்து. 2008-ஆம் ஆண்டின் முதல் சில மாதங்களில், சிங்கப்பூரில் இனிப்பு நீரே இல்லாத ஏறக்குறைய 150 பேர் திடீரெனச் சீனி இறங்கி மயங்கி ஆசுபத்திரிகளில் சேர்க்கப்பட்டார்கள். நால்வர் இறந்தே போனார்கள். ஆண்மைக்கு என்று களவாக விற்கப்பட்ட மருந்துகளில் கிளிபென்கிளமைட் என்னும் சீனி மாத்திரை கலந்திருந்தது பிறகு தெரிய வந்தது. பதிவில்லாத மருந்தில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது.

நம் வாழ்க்கைக்கு ஏற்ப

ஆய்வில் இருப்பவருக்கு வேளாவேளைக்கு நினைவூட்ட ஆள் உண்டு. நமக்கு? காலை ஐந்து மணிக்குப் பெரட்டு; பத்து மணிக்குப் பசியாறல்; இரவு ஷிப்டு; வெள்ளிக்கிழமை விரதம். ஆகவே நம் வாழ்க்கைக்கு ஏற்றபடி சில செய்திகளைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, வயிறு. என் தம்பி ஒருவழியாக மாத்திரையைத் தொடங்கியபோது முதல் வாரமே வயிற்றுப்போக்கு. "பாத்தியா!" என்று விடப் பார்த்தான். மிஸி சொன்னபடி, சாப்பாட்டுக்கு நடுவிலோ சாப்பிட்டு முடித்தவுடனோ போட்டான். ஒரே ஒரு 500 மில்லிகிராமில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டினார்கள். மூன்றாவது வாரத்தில் வயிறு பழகிவிட்டது. பலருக்கும் இப்படித்தான் பழகும். பழகாவிட்டால் மெதுவாகக் கரையும் வகை இருக்கிறது, டாக்டரிடம் கேட்கலாம். ஆறு மாதத்தில் அவனுடைய மூன்று மாதச் சராசரிச் சீனி 9.4-இலிருந்து 7.1-க்கு இறங்கியது. மாலை நடையும் சேர்ந்துதான், மறைக்கவில்லை.

இரண்டாவது, "ராத்திரி ஒண்ணுமே சாப்பிடல, காலையில எப்படி சீனி ஒம்பது?" என்ற குழப்பம். நாம் தூங்கும்போது ஈரல் சீனியைச் செய்து இரத்தத்தில் விடுகிறது. இனிப்பு நீர்க்காரர்களுக்கு அது அளவு மீறி விடுகிறது. மெட்ஃபார்மின் முக்கியமாக அதைத்தான் அடக்குகிறது. எனவே, "நேற்று இனிப்பே தொடவில்லை, இன்று மாத்திரை வேண்டாம்" என்ற கணக்குச் சரிவராது.

மூன்றாவது, விரதமும் வெறும் வயிறும். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிட்டால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்குவது அபூர்வம். ஆனால் அதோடு கிளிக்லசைட் போன்ற மாத்திரையோ இன்சுலினோ சேர்ந்திருந்தால், பசியோடு மரத்தடியில் வேலை செய்யும்போது சீனி இறங்கிவிடலாம். உடம்பு வியர்க்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், கண் இருட்டும். உடனே சீனி கரைத்த தண்ணீர் குடிக்க வேண்டும். தைப்பூச விரதம் இருப்பவர்கள் விரதத்துக்கு முன்பே டாக்டரிடம் சொல்லி மாத்திரை நேரத்தை மாற்றிக்கொள்ளட்டும். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

நான்காவது, காய்ச்சலும் வாந்தியும். கடுமையான வாந்தி, வயிற்றுப்போக்கு கண்டு நீர் வற்றும் நாட்களில் மெட்ஃபார்மினைத் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வார்கள். நன்றாகச் சாப்பிடத் தொடங்கியதும் மீண்டும் போட வேண்டும். இன்சுலினுக்கு இந்த விதி பொருந்தாது. அதைத் தாமாக நிறுத்தவே கூடாது. எதுவானாலும் கிளினிக்குக்குப் போன் செய்து கேட்பதே முறை. ஊசி மருந்து ஏற்றி ஸ்கேன் எடுக்கும்போதும் இந்த மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள்.

ஐந்தாவது, சம்சு. மாத்திரையையும் போட்டு, மாலையில் புட்டியையும் திறக்கும் அண்ணன்மார்களுக்குச் சொல்கிறேன். முன்னே நான் சொன்ன அமிலக் கோளாற்றுக்கு நீங்களே கதவைத் திறந்து விடுகிறீர்கள். அப்படி ஏதேனும் நேர்ந்தால் மறுபடியும் பழி மாத்திரை மேல்தான் விழும்.

ஆறாவது, பல வருடம் சாப்பிட்டால் சிலருக்கு பி12 என்ற சத்துக் குறையும். கால் மதமதப்பு, சோர்வு, இரத்தச் சோகை வரலாம். என் தாயாருக்குக் கால் மதமதத்தபோது இனிப்பு நீரால்தான் என்று நினைத்தோம். சோதித்துப் பார்த்ததில் பி12 குறைந்திருந்தது. ஊசி போட்டதும் நன்றாகத் தேறினார். இறைச்சி, மீன், முட்டை சாப்பிடாதவர்கள் இதை அவசியம் கேட்டுச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, ஒருவர் மாத்திரையை மற்றவருக்குக் கொடுக்காதீர்கள். அரசாங்கக் கிளினிக்கிலும் தனியார் கிளினிக்கிலும் மாறி மாறி மருந்து வாங்குகிறவர்கள் இரண்டு பையையும் காட்டுங்கள். குளுக்கோஃபேஜ் என்று ஒரு பையிலும், மெட்ஃபார்மின் என்று இன்னொரு பையிலும் இருப்பது ஒரே மருந்துதான்!

மாத்திரையால் ஆகாதது

மாத்திரை எல்லாவற்றையும் செய்துவிடாது. டின்பால் ஊற்றிய தேநீர் நான்கு வேளை, மலைபோல் சோறு என்று இருந்துகொண்டு மாத்திரையைக் குறை சொல்வது நியாயமா? நம் முன்னோர் கப்பலேறி வந்த தமிழ்நாட்டில், சென்னையைச் சேர்ந்த மருத்துவர்கள் இனிப்பு நீரின் விளிம்பில் இருந்த 531 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தி 2006-இல் வெளியிட்டார்கள். உணவும் நடையும் சீர்ப்படுத்தியவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு 26.4 விழுக்காடு குறைந்தது. நோய் வராமல் தடுப்பதில் நடையும் மாத்திரையும் ஏறக்குறைய ஒரே பலத்தைக் காட்டின என்பதைக் கவனியுங்கள். நமக்கு நோய் வந்துவிட்டது; ஆகவே இரண்டும் வேண்டும். நம் பிள்ளைகளுக்கு இன்னும் வரவில்லை. அவர்களுக்கு இன்றே நடையும் அளவான சாப்பாடும் வேண்டும்.

அன்பான சகோதர சகோதரிகளே! அரசாங்கக் கிளினிக்கில் நமக்கு ஒரு வெள்ளிக் கட்டணந்தான். அடுத்த முறை போகும்போது மூன்று கேள்விகளைத் தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். என் மூன்று மாதச் சராசரிச் சீனி எவ்வளவு? என் கிட்னி எண் எவ்வளவு, போன வருடம் எவ்வளவு இருந்தது? நான் சாப்பிடும் மாத்திரையின் அளவு அதற்குப் பொருந்துமா? கேட்டால் சொல்வார்கள். கேட்பது நம் உரிமை. காப்பிக் கடையில் கேட்டதை நம்பி நிறுத்துவதற்கு முன்னால், கிளினிக்கில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். மாத்திரைப் பையின் மேல் மலாயில்தான் எழுதியிருக்கும். நம் பாட்டிமார் பலருக்கு அதைப் படிக்கத் தெரியாது. என் வகுப்பில் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அதைப் படிக்கக் கற்றுக் கொடுத்திருக்கிறேன். 'செலெப்பாஸ் மாக்கான்' என்றால் சாப்பிட்ட பிறகு. 'டுவா காலி செஹாரி' என்றால் நாளைக்கு இரண்டு வேளை. உங்கள் வீட்டிலும் பள்ளிக்குப் போகும் பிள்ளை ஒன்று இருக்குமல்லவா? இன்று இரவு சாப்பாடு முடிந்ததும் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, பாட்டியின் மாத்திரைப் பையை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அதன் எதிரிலேயே பாட்டி மாத்திரையைப் போடட்டும்.